கொட்டிலில் நிற்கும் ஃபோர்ட் பிரிஃபெக்ட்: இது அமெரிக்கக் காரா, இங்கிலாந்துக் காரா?

கேள்வி
எழுதியவர்: கொக்குவிலான்

அனைவருக்கும் வணக்கம். கொக்குவிலில் உள்ள எங்கள் அம்மப்பாவின் வீட்டுக் கார்க் கொட்டிலில் ஒரு பழைய ஃபோர்ட் கார் நெடுங்காலமாக ஓடாமல் நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமாமார் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பதால் காரைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியுள்ளது. அதற்கு முன்னர், அது என்ன கார், எங்கிருந்து வந்தது என்பதை ஒழுங்காக அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

காருக்கு நான்கு கதவுகள். முகம் ஒடுங்கி உயர்ந்திருக்கிறது. முன்விளக்குகள் தனித்து நிற்காமல் மட்காட்டுக்குள் பதிக்கப்பட்டிருக்கின்றன. திரும்புவதைக் காட்ட, பக்கத் தூணுக்குள்ளிருந்து ஒரு சிறிய செம்மஞ்சள் தகடு வெளியே எழுகிறது. எஞ்சினைக் கையால் சுற்றி இயக்கும் இரும்புக் கைபிடி பின்னிருக்கைக்குக் கீழே கிடக்கிறது. பதிவு இலக்கம் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய ஆங்கில எழுத்துத் தொடரைச் சேர்ந்தது. மூக்கில் பிரிஃபெக்ட் என்ற பெயரும், எஞ்சின் அறையிலுள்ள தகட்டில் இங்கிலாந்தின் டாகென்ஹாமில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் உள்ளன.

ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் இதனை அமெரிக்கக் கார் என்றே சொல்கிறார்கள். ஃபோர்ட் அமெரிக்காவின் பெருங்கொம்பனி என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் தகடு ஏன் வேறு கதை சொல்கிறது? அந்நாட்டுப் படங்களில் நீண்டு அகன்ற கார்களையே காண்கிறோம். அத்தகைய கொம்பனி இவ்வளவு சிறிய காரை யாருக்காகச் செய்தது? இன்னொரு கேள்வியும் உண்டு. பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990களில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியதாக அம்மா சொல்கிறார். அது எவ்வாறு இயன்றது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


பதில் 1
எழுதியவர்: பழைய ஏடு, நல்லூர்

தம்பி, உங்கள் விவரிப்பிலிருந்தே காரின் வகை தெளிவாகிறது. பிரிஃபெக்ட் என்ற பெயரில் 1938 முதல் 1961 வரை நான்கு வகைகள் வந்தன. முதலாவதான ஈ93ஏ வகையில் முன்விளக்குகள் மட்காட்டிலிருந்து விலகித் தனியே நிற்கும். 1953 இல் வந்த 100ஈ தாழ்ந்த, பெட்டி வடிவான, முற்றிலும் புதிய உடல் கொண்டது. கடைசியாக வந்த 107ஈ அதே உடலுக்குள் புதிய எஞ்சினைப் பெற்றது. முகம் பழைய பாணியில் உயர்ந்திருக்க, விளக்குகள் மாத்திரம் மட்காட்டுக்குள் பதிந்திருப்பது 1949 முதல் 1953 வரை செய்யப்பட்ட ஈ493ஏ வகையாகும். உங்களிடம் இருப்பது அதுவே.

அமெரிக்கக் காரா, இங்கிலாந்துக் காரா என்ற கேள்விக்கு என் பதில் இது: அடித்தளத்தின் அமைப்பு அமெரிக்காவில் பிறந்தது, எஞ்சினின் அளவை நிர்ணயித்தது இங்கிலாந்தின் வரிச் சட்டம், அது யாழ்ப்பாணம் வரை வந்ததற்குக் காரணம் போருக்குப் பிந்தைய டொலர் தட்டுப்பாடு. இதை விளக்கச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

மிச்சிக்கன் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1863 இல் பிறந்த ஹென்றி ஃபோர்ட், தம் முதலாவது வண்டியை 1896 இல் செய்து முடித்தார். அடுத்து அவர் தொடங்கிய முதற் கொம்பனி மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து முதலீட்டாளர்களோடு முரண்பட்டு 1902 இல் வெளியேறினார். அவர் விட்டுச் சென்ற அந்த இரண்டாவது கொம்பனிதான் ஹென்றி லீலண்டின் கையில் கடிலாக் ஆயிற்று என்பது பலருக்குத் தெரியாத செய்தி. மூன்றாவது முயற்சியான ஃபோர்ட் மோட்டார் கொம்பனி 1903 ஜூன் 16 ஆம் திகதி, 28,000 டொலர் ரொக்க முதலோடு பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் எஞ்சின் முதலான பெரும்பாகங்களைச் செய்து கொடுத்தவர்கள் டொட்ஜ் சகோதரர்கள். அவர்களும் பங்குதாரர்களாயிருந்து, பிற்காலத்தில் தம் பெயரிலேயே கார் செய்தார்கள்.

1908 இல் வந்த மொடல் ரி தான் எல்லாவற்றையும் மாற்றியது. அது அழகிய வண்டியன்று. ஆனால் வனேடியம் கலந்த உருக்கினால் பாகங்கள் இலேசாகவும் உறுதியாகவும் இருந்தன. 2.9 லீற்றர் எஞ்சின் 20 குதிரைவலுவையே தந்தபோதிலும், உடல் நிலத்திலிருந்து நன்கு உயர்ந்திருந்தமையால், வண்டில் தடமே பாதையாயிருந்த அமெரிக்க நாட்டுப்புறத்திலும் அது தட்டுப்படாமல் ஓடியது. பெற்றோல் தாங்கியிலிருந்து புவியீர்ப்பினால் மட்டுமே எரிபொருள் இறங்கியபடியால், தாங்கியில் அளவு குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் வண்டியைத் திருப்பிப் பின்கியரில் மேடேறினார்கள். மூன்று மிதிகள் இருந்தும் அவற்றுள் ஒன்றேனும் வேகத்தைக் கூட்டுவதற்கானதன்று. இன்றைய சாரதி ஒருவரை அதில் ஏற்றினால் முதற் சந்தியிலேயே இடருவார்.

850 டொலர் விலையில் வந்த இந்த வண்டியின் மிக மலிவான இரண்டு இருக்கை வகை 1920களின் நடுப்பகுதியில் 260 டொலருக்கு விற்கப்பட்டது. ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913 இல் அறிமுகமான நகரும் கோர்ப்பு வரிசையே இதற்குப் பெருங்காரணம். தொழிலாளி வண்டியைத் தேடிப் போகாமல் வண்டி தொழிலாளியைத் தேடி வந்தது. ஒரு சட்டகத்தைக் கோர்க்கத் தேவைப்பட்ட ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் 93 நிமிடங்களாகச் சுருங்கியது. 1927 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது மொடல் ரி வண்டிகளின் தொகை ஒன்றரைக் கோடியைத் தாண்டியிருந்தது.

இங்கிலாந்துக்கு வருவோம். 1911 இல் மான்செஸ்டரின் டிராஃபர்ட் பார்க்கில் ஃபோர்ட் ஆலை தொடங்கியது. வட அமெரிக்காவுக்கு வெளியே அக்கொம்பனி அமைத்த முதல் ஆலை அதுவே. முதலாம் உலகப் போருக்கு முன்னர் அங்கே மொடல் ரி அமோகமாக விற்றது. 1921 இல் பிரித்தானிய அரசு கார்களுக்குக் குதிரைவலு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண் வரி விதித்தது. இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். அந்தக் குதிரைவலு எஞ்சினின் உண்மையான வலுவன்று. சிலிண்டரின் விட்டத்தையும் சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டது. அகன்ற சிலிண்டர் கொண்ட மொடல் ரி 22.5 குதிரைவலு என்று மதிப்பிடப்பட்டு 23 பவுண் கட்டியது. புதிதாக வந்த ஒஸ்டின் செவன் 8 பவுணோடு தப்பியது. வாங்கும் விலை மலிவாயிருந்தும் ஆண்டுதோறும் கட்டும் வரி ஃபோர்ட்டை வீழ்த்தியது.

அதற்கு அமெரிக்கத் தலைமை கண்ட மறுமொழிதான் உங்கள் காரின் மூதாதை. தேம்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் டாகென்ஹாம் ஆலை 1931 இல் இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு மொடல் வை என்ற எட்டுக் குதிரைவலுக் கார் வந்தது. அமெரிக்காவிலேயே வரையப்பட்டிருந்தும் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்படாத ஃபோர்ட் அது. 1935 இல் அதன் மலிவு வகை 100 பவுணுக்கு விற்கப்பட்டது. பத்துக் குதிரைவலு வகுப்பில் 1938 இல் தொடங்கியது பிரிஃபெக்ட். அதன் எஞ்சினை அளந்து பாருங்கள்: சிலிண்டரின் விட்டம் 63.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 92.5 மில்லிமீற்றர், மொத்தக் கொள்ளளவு 1172 கன சென்ரிமீற்றர். வரியைக் குறைக்க விட்டத்தை ஒடுக்கி, இழந்த கொள்ளளவை நீளத்தில் மீட்டிருக்கிறார்கள். வேறெந்தப் பொறியியற் காரணமும் அந்த ஒடுங்கிய வடிவத்துக்கு இல்லை.

இலங்கை தொடர்பான பகுதியும் உண்டு. 1904 இல் டெட்ரொயிட் ஆற்றின் மறுகரையில் தொடங்கிய கனடா ஃபோர்ட் கொம்பனிக்கு, பிரித்தானியாவும் அயர்லாந்தும் நீங்கலாகப் பேரரசின் ஏனைய நாடுகளில் விற்கும் உரிமை தரப்பட்டிருந்தது. பேரரசுக்குள் செய்த பொருளுக்குச் சுங்கவரிச் சலுகை கிடைத்தமையால் அமெரிக்க ஃபோர்ட் கனடாவின் பெயரில் குடியேற்ற நாடுகளுக்குள் நுழைந்தது. பம்பாயில் 1926 இல் தொடங்கிய இந்திய ஃபோர்ட்டும் கனடாக் கொம்பனியின் கிளையே. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறியது. இலங்கை போன்று பவுணோடு நாணயத்தைப் பிணைத்திருந்த பவுண் வலயத்து நாடுகளில் டொலர் அருமையாயிற்று. பிரித்தானிய அரசோ ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கே உருக்கை முன்னுரிமையோடு கொடுத்தது. டொலர் கொடுத்து டெட்ரொயிட்டின் பெரிய காரை வாங்குவதைவிட, பவுணில் டாகென்ஹாமின் சிறிய காரை வாங்குவது இலங்கை இறக்குமதியாளருக்கு எளிதாயிருந்தது. யாழ்ப்பாணத்து வைத்தியர்களும் அப்புக்காத்துமாரும் ஒஸ்டின், மொறிஸ் கார்களோடு இந்த ஃபோர்ட்டுகளையும் வாங்கிய காலம் அது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஒடுக்கப்பட்டபோது, வந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.


பதில் 2
எழுதியவர்: சுன்னாகம் கராச்

பழைய ஏடு ஐயா வரலாற்றை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் காரின் அடிப்பகுதியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அமெரிக்க அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

ஈ493ஏ காரைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்துப் பார்த்தால், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தலா ஒரு வில், வண்டிக்குக் குறுக்காகக் கிடப்பதைக் காணலாம். மற்றைய கொம்பனிகள் பக்கத்துக்கு ஒன்றாக நெடுக்கு வில் வைத்துக்கொண்டிருந்த காலத்திலும் ஹென்றி ஃபோர்ட் தம் மொடல் ரி வண்டியின் குறுக்கு வில்லைக் கைவிடச் சம்மதிக்கவில்லை. அவர் 1947 இல் இறந்த பின்னரும் அது டாகென்ஹாமில் தொடர்ந்தது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் எஞ்சின் அமைப்பும் மொடல் ரி காலத்ததே. கியர் மூன்று. மின்சாரம் 6 வோல்ற். பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதன்று. மிதியிலிருந்து சில்லு வரை இரும்புத் தண்டுகள் இழுக்கின்றன. அவற்றைச் சமமாகச் சரிப்படுத்தாவிட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால், கை பழகியவரிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். மழை வைப்பர் எஞ்சின் உறிஞ்சும் காற்றினால் ஆடுவது. வேகத்துக்காக மிதித்தால் வைப்பர் சோர்ந்துவிடும். மாரி மழையில் ஒரு லொறியை முந்த முயன்றவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

இத்தனை குறை சொன்னாலும் அந்த 1172 எஞ்சின் மீது எனக்கு மரியாதை உண்டு. பாகங்கள் குறைவு, பிரித்துப் பூட்டுவது எளிது, தவறாக ஓட்டினாலும் தாங்கும். இங்கிலாந்தில் பணமில்லாத இளைஞர்கள் இதனை வைத்தே பந்தயக் கார் செய்தார்கள். கொலின் சப்மன் தொடங்கிய லோட்டஸ் கொம்பனியின் ஆரம்பகால லோட்டஸ் சிக்ஸ், லோட்டஸ் செவன் கார்களில் இந்த 1172 குடும்பத்து எஞ்சின் பூட்டப்பட்டது. நம்மூரில் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய அதே எஞ்சின்தான்.

மண்ணெண்ணெய் விடயத்தில் உங்கள் அம்மா சொல்வது உண்மை. பெற்றோலை விட மண்ணெண்ணெய் தானாகப் பற்றும் தன்மை கூடியது. எரிகலவையை அதிகமாக நெருக்கும் எஞ்சினில் அதை விட்டால், தீப்பொறி வருவதற்கு முன்போ தவறான இடத்திலோ பற்றி, பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோலத் தட்டும். இந்தப் பழைய ஃபோர்ட் எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகவே நெருக்குவதால் அந்த இடர் குறைவு. இரண்டாவது தடை, குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பது. அதனாலேயே அக்காலத்தில் ஒரு சிறு போத்தலில் பெற்றோலைத் தனியே வைத்திருந்து, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் இப்படித்தான் ஓடின. புகையும் நாற்றமும் வீதியெங்கும் இருந்தன.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைக் கரைத்துவிடும். எண்ணெயை அடிக்கடி மாற்றாதவர்களின் எஞ்சினில் பெயரிங்குகள் தேய்ந்துபோயின. உங்கள் கார் எந்த நிலையில் நிறுத்தப்பட்டது என்பதை அறியாமல் அதன் விலையைப் பற்றிப் பேச முடியாது.


கொக்குவிலான்

இருவருக்கும் மிக்க நன்றி. வரிக் கணக்கை வாசித்த பின்னர் நானே எஞ்சினைத் துடைத்து அளந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். நாளொன்றுக்கு 5 டொலர் சம்பளம் கொடுத்துத் தொழிலாளரை வாழவைத்தவர் என்று ஹென்றி ஃபோர்ட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் வணிகக் கல்வி ஆசிரியர் மெச்சிப் பேசுவார். அதுவும் அந்த மலிவு விலையின் கணக்கில் அடங்குமா?


பதில் 3
எழுதியவர்: கிளிநொச்சிக் கமக்காரன்

அடங்கும் தம்பி, ஆனால் ஆசிரியர் சொன்னது பாதிதான். கோர்ப்பு வரிசை வந்த பின்னர் ஒரே திருகாணியை நாள் முழுவதும் முறுக்கும் வேலையை மனிதர் வெறுத்து ஓடினார்கள். 1913 இல் ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட ஆலையை நிரப்பி வைத்திருக்க 50,000க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் 9 மணி நேரத்துக்கு 2.34 டொலர் என்றிருந்த கூலி 8 மணி நேரத்துக்கு 5 டொலர் ஆக்கப்பட்டது, ஆட்களை நிறுத்தி வைப்பதற்காகவே. அந்த 5 டொலரில் ஒரு பகுதி இலாபப் பங்கு. அதைப் பெறுவதற்கு, தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறானா, பணம் சேமிக்கிறானா என்று கொம்பனி அனுப்பிய ஆட்கள் வீடு தேடிப்போய் விசாரித்தார்கள்.

தொழிற்சங்கத்தை அவர் கடைசி வரை எதிர்த்தார். 1937 மே மாதம் மிச்சிக்கனிலுள்ள ஃபோர்ட்டின் ரூஜ் ஆலையின் மேம்பாலத்தில் துண்டுப்பிரசுரம் கொடுக்க வந்த சங்கத் தலைவர்களைக் கொம்பனியின் அடியாட்கள் இரத்தம் வரும்வரை அடித்ததைப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் படமாக்கிவிட்டார். ஜெனரல் மோட்டர்ஸும் கிறைஸ்லரும் அந்த ஆண்டே சங்கத்தை ஏற்றுக்கொண்டிருக்க, ஃபோர்ட் 1941 இல்தான் இறங்கி வந்தது. அவருக்குச் சொந்தமான பத்திரிகை 1920 முதல் யூத இனத்தவர் மீது தொடர்ந்து வெறுப்பைக் கொட்டியது. 1927 இல் அவர் பெயரில் மன்னிப்பு வெளியானபோது அந்த நஞ்சு ஜெர்மனி வரை போய்ச் சேர்ந்திருந்தது. இவற்றை ஒளித்துவிட்டு அவரை மகானாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டால், கமக்காரனாகிய நான் அவருக்குக் கடன்பட்டவன். 1917 இல் வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும்படியே வடிவமைக்கப்பட்டது. சுன்னாகத்து நண்பர் விவரித்த முறையை ஃபோர்ட் கொம்பனி அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே ஆலையில் பூட்டி விற்றது. புகைபோக்கியின் சூட்டினால் எண்ணெயை ஆவியாக்கும் ஒரு பகுதி அதில் இருந்தது. நம்மவர்களிடம் அந்தப் பகுதி மட்டும் இருந்திருந்தால் பல எஞ்சின்கள் தப்பியிருக்கும்.

ஃபோர்ட்சனின் பெருங்குறை, கலப்பை எதிலாவது சிக்கினால் முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுபவர் மீது கவிழ்வது. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி ஃபெர்குசன், கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைத்து எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தித் தாழ்த்தும் முறையைக் கண்டு அதற்கு முடிவு கட்டினார். 1938 இல் அவரும் ஹென்றி ஃபோர்ட்டும் எழுத்து ஒப்பந்தம் எதுவுமின்றி, கைகுலுக்கி உடன்பட்டார்கள். மறு ஆண்டு ஃபோர்ட் ஃபெர்குசன் 9என் வந்தது. பேரன் இரண்டாம் ஹென்றி பொறுப்பேற்ற பின் அந்த உடன்பாடு முறிந்தது. ஃபெர்குசன் வழக்குத் தொடுத்து 1952 இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் பெற்றார். அவருடைய தொழில் கனடாவின் மாசி ஹரிஸோடு இணைந்து மாசி ஃபெர்குசன் ஆயிற்று. வன்னி வயல்களில் இன்றும் உழுதுகொண்டிருக்கும் சிவப்பு இயந்திரங்களின் பின்னால் இருக்கும் அந்த மூன்று புள்ளி இணைப்பு, ஒரு காலத்தில் ஃபோர்ட் ஆலையில் வார்க்கப்பட்டது.

இன்னொரு இலங்கைத் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். 1922 இல் பிரித்தானிய அரசு, விலையை உயர்த்துவதற்காக இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. உலகின் இறப்பரில் பெரும்பங்கை ரயருக்காக வாங்கிய அமெரிக்கர்கள் கொதித்தார்கள். ஃபோர்ட் அதற்கு விடையாக, பிரேசிலில் தபாசோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்ற பெருந்தோட்டத்தை 1928 இல் தொடங்கினார். 1876 இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் வழியாகக் கம்பகாவுக்கு வந்து சேர்ந்த நம் இறப்பர் மரங்களின் விதையும் அதே ஆற்றுப் பகுதியில் பொறுக்கப்பட்டதே. ஆனால் மரத்தின் தாய்நாட்டில் அதன் நோயும் இருந்தது. மரங்களை நெருக்கமாக நட்டதும் இலைக்கருகல் தோட்டம் முழுவதும் பரவியது. அந்த நோய் எட்டாத இலங்கையில் மரம் செழித்தது. 1945 இல் தோட்டத்தைப் பெரும் நட்டத்தோடு பிரேசில் அரசிடம் கையளித்தார்கள். ஃபோர்ட் ஒரு நாளும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. நிலத்தைப் பாராமல் பயிர் செய்தவர் அவர்.


பதில் 4
எழுதியவர்: மறைமலைநகர் முன்னாள் வாசி, மானிப்பாய்

பிரிஃபெக்டுக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன், ஏனெனில் ஃபோர்ட்டின் வீழ்ச்சியும் எழுச்சியும் அதிலேதான் உள்ளன. மொடல் ரி வண்டியை அளவுக்கு மீறி நேசித்த ஹென்றி ஃபோர்ட், நிறமும் வசதியும் கேட்ட மக்களுக்குச் செவிசாய்க்காமல் இருந்தபோது ஜெனரல் மோட்டர்ஸின் செவர்லே முந்திக்கொண்டது. 1927 இல் வந்த மொடல் ஏ, 1932 இல் சாமானியர் விலையில் வந்த எட்டுச் சிலிண்டர் வீ8 ஆகியவை ஓரளவு மீட்டன. மகன் எட்சல் 1943 இல் இறந்தார். 1945 இல் இரண்டாம் ஹென்றி பொறுப்பேற்றபோது கொம்பனியின் கணக்குகள் சீர்குலைந்திருந்தன. அவர் அழைத்து வந்த இளைஞர்களுள் ஒருவர், பிற்காலத்தில் வியட்நாம் போரை நடத்திய ரொபர்ட் மக்நமாரா.

1957 இல் எட்சலின் பெயரையே வைத்து வந்த கார் மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங் அதற்கு நேர்மாறு. ஃபால்கன் என்ற சாதாரணக் காரின் அடிப்பாகத்தின் மேல் அழகிய உடலைப் பொருத்தி, இளைஞர் விலையில் விற்று, ஈராண்டில் பத்து இலட்சத்தைத் தாண்டினார்கள். புதிய தொழில்நுட்பம் எதுவும் அதில் இல்லை என்பது குறையாகத் தோன்றலாம். ஃபோர்ட்டின் இயல்பே அதுதான் என்று நான் சொல்வேன். 1980களின் பிற்பகுதி முதல் ஜகுவார், வொல்வோ, லாண்ட் ரோவர் ஆகியவற்றை வாங்கிச் சேர்த்தவர்கள் அவற்றைக் காக்க முடியாமல், 2008 இல் ஜகுவாரையும் லாண்ட் ரோவரையும் டாடாவுக்கும், 2010 இல் வொல்வோவைச் சீனாவின் ஜீலிக்கும் விற்றார்கள். ஆயினும் 2006 இல் ஆலைகளையும் தம் நீல முட்டைச் சின்னத்தையும் அடகு வைத்து 23 பில்லியன் டொலருக்கு மேல் கடன் எடுத்திருந்தமையால், 2009 இல் ஜெனரல் மோட்டர்ஸும் கிறைஸ்லரும் வங்குரோத்தானபோது ஃபோர்ட் தப்பியது.

சென்னையில் இடம்பெயர்ந்து வாழ்ந்த நம்மவர்களுக்கு ஃபோர்ட் என்றால் ஐகான் கார்தான் நினைவுக்கு வரும். மறைமலைநகர் ஆலையில் 1999 இல் அது வெளிவந்தது. 2021 இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாகக் கொம்பனி அறிவித்து, மறு ஆண்டு அந்த ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியேறியது. 1950களின் நடுப்பகுதியில் பம்பாயிலிருந்து ஒருமுறை வெளியேறிய கொம்பனிக்கு அது இரண்டாவது வெளியேற்றம்.


பதில் 5
எழுதியவர்: சுன்னாகம் கராச்

தம்பி, அந்த எஞ்சினை உடனே இயக்கிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் சிறிது இலேசான எண்ணெயை விட்டு, சில நாள்கள் ஊறவிடுங்கள். பழைய எஞ்சின் எண்ணெயை முழுவதும் வடித்து, அதில் மண்ணெண்ணெய் மணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடித்தட்டைக் கழற்றிப் பெயரிங்குகளைப் பார்க்காமல் எஞ்சினை இயக்கக் கூடாது. பெற்றோல் தாங்கியைக் கழற்றித் துருவை அகற்ற வேண்டும். சட்டகத்தில் பொறிக்கப்பட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். அவை பொருந்தாவிட்டால் எந்த விலையும் நிலைக்காது. உதிரிப்பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் இந்தப் பக்கவால்வு ஃபோர்ட்டுகளுக்கென்றே இயங்கும் சங்கம் உண்டு, லண்டனிலுள்ள மாமாவிடம் சொன்னால் அனுப்பி வைப்பார்.

கைபிடியைப் பற்றியும் ஒன்று. எஞ்சின் சில வேளைகளில் எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டை முறிக்கும் அந்த உதையை ஒழிக்கவே 1912 இல் கடிலாக் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. மொடல் ரி அதைப் பெற 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் காரில் ஸ்டார்ட்டர் இருந்தாலும் 6 வோல்ற் பற்றறி கிடைக்கும் வரை கைபிடியையே நம்ப வேண்டும். ஆகவே பெருவிரலை மற்றைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இழுங்கள். ஒருபோதும் மேலிருந்து கீழே அழுத்த வேண்டாம்.